புளியங்கொட்டைச் சில்லுகள்: கல்லடியிலிருந்து அறுகம்பை வரை ஒரு பிளாக்ஜாக் பயணம்

வெள்ளி, கல்லடி

கொழும்பில் ஒரு கசினோ நடத்தும் பிளாக்ஜாக் சுற்றுப்போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். பிளாக்ஜாக் என்றால், சீட்டுகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றைத் தாண்டாமல், சீட்டுப் போடும் டீலரின் தொகையை மிஞ்சப் பார்க்கும் ஆட்டம்; தாண்டினால் கை உடைந்தது என்பார்கள், பந்தயம் போய்விடும். டொரன்டோவிலிருந்து அதற்காக மட்டும் பறந்து வந்தேன் என்றால் மாமி வீட்டுப் படலையைத் திறக்கமாட்டார் என்பதால், போட்டிக்கு முந்திய கிழமையை மட்டக்களப்பிலும், அங்கிருந்து ஏ4 நெடுஞ்சாலையில் தெற்கே அறுகம்பை வரையிலும் கழிப்பதாக ஏற்பாடு. அந்தந்த நாள் இரவிலேயே எழுதிப் பதிவிடுகிறேன். ஊர் விவரம் குறைவாகவும் சீட்டு விவரம் கூடுதலாகவும் இருக்கும். வாசிப்பவர்கள் பொறுத்தருள வேண்டும்.

ரயில் நிலையத்தில் மச்சான் மோட்டார் சைக்கிளோடு நின்றார். 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்துக்கு அருகே 2013இல் திறந்த புதிய பாலத்தால் வாவியைக் கடக்கும்போதே அவர் கேட்டுவிட்டார்: "கசினோவோட விளையாடி ஆர் மச்சான் வென்றிருக்கான்?" அவர் வங்கியொன்றில் காசாளர், காசைப் பற்றிய கேள்வியை ஒத்திவைக்கத் தெரியாதவர்.

கேள்வி நியாயமானதுதான். சாதாரண பிளாக்ஜாக் மேசையில், நல்ல விதிகளோடு, எந்தக் கைக்கு என்ன செய்ய வேண்டும் என்ற கணக்கைப் பிசகாமல் பின்பற்றினாலும், வைக்கும் பணத்தில் ஏறத்தாழ அரை வீதம் கசினோவின் பக்கமே சாய்ந்திருக்கும். இருபத்தொன்றுக்குரிய இரு சீட்டும் கைக்கு வந்தால் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தராமல் ஆறுக்கு ஐந்து என்று தரும் மேசைகளில் அந்தச் சாய்வு இன்னும் கூடும். சுற்றுப்போட்டியிலோ எல்லோரும் நுழைவுக் கட்டணம் கட்டி ஒரே அளவான சில்லுகளைப் பெறுகிறோம். பந்தயம் வைக்கும் அந்தச் சில்லுகளுக்குப் போட்டிக்கு வெளியே ஒரு சதப் பெறுமதியும் இல்லை. இத்தனை கை என்று முன்னரே அறிவித்துவிட்டு ஆடி முடிக்க, மேசையில் யாரிடம் அதிகம் இருக்கிறதோ அவர் அடுத்த சுற்றுக்குப் போகிறார். டீலரின் கை எல்லோருக்கும் ஒன்றுதான்; அதற்கு எதிராக ஒவ்வொருவரும் தனித்தனியே வெல்கிறார் அல்லது தோற்கிறார். ஆகவே டீலரிடம் நான் தோற்றாலும், பக்கத்தில் இருப்பவர் என்னைவிடக் கூடத் தோற்றால் எனக்குப் போதும்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமி தாயம் விளையாடவென்று தகர டின்னில் சேர்த்து வைத்திருந்த புளியங்கொட்டைகளைக் கொண்டுவந்து வைத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. "காசு வெச்சா இந்த விறாந்தையில விளையாடக் கூடாது மனே." போட்டிச் சில்லுக்கும் காசுப் பெறுமதி இல்லை என்று நான் விளக்கியது அவருக்கு அரைகுறையாகவே சமாதானம் தந்தது.

ஆளுக்கு 40 கொட்டை, ஒவ்வொன்றும் 25 புள்ளி. ஆகக் குறைந்த பந்தயம் ஒரு கொட்டை, ஆகக் கூடியது 20. மொத்தம் 25 கை. உயர்தரத்தில் கணிதம் படிக்கும் மருமகள் டீலர். மச்சான், அவர் மனைவியான தங்கச்சி, மாமி, நான் என்று நால்வர் ஆட்டக்காரர். இந்த வீட்டில் எல்லோருக்கும் 304 என்ற சீட்டாட்டம் தண்ணீர்பட்ட பாடு. அதில் ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. நான்கு இனத்தையும் கூட்டினால் 304. இங்கே படச்சீட்டு எல்லாமே பத்து, ஒன்பதுக்கு வெறும் ஒன்பது என்றதும் தங்கச்சிக்குப் பெரிய ஏமாற்றம்.

சனி, களுவாஞ்சிக்குடி

காலையில் விறாந்தையில் இரண்டு ஆட்டம் முடித்துவிட்டு, காத்தான்குடி, ஆரையம்பதி வழியாகக் களுவாஞ்சிக்குடிக்கு மச்சானின் சிநேகிதர் வீட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனோம். இறால் குழம்பைப் பற்றித் தனிப் பதிவே போடலாம், இங்கே வேண்டாம்.

காலை ஆட்டத்தில் மாமி கையாண்ட முறைதான் இன்றைய விஷயம். அவர் எல்லாக் கைக்கும் ஒரே ஒரு கொட்டையை வைத்தார். மச்சானும் தங்கச்சியும் ஐந்து, பத்து என்று வைத்து விளையாட, பதினைந்தாவது கைக்குள் தங்கச்சி முழுவதையும் இழந்து எழும்பிவிட்டார். மாமியிடம் 38 இருந்தது. பொறுமையாக இருந்து மற்றவர்களை விழ விடுவது என்ற இந்த வழியைக் கசினோக்களிலும் நிறையப் பேர் கையாள்கிறார்கள், அதில் தவறும் இல்லை. ஆனால் நாலு பேரில் ஒருவராவது மேலே ஏறியிருப்பார் என்பதுதான் பெரும்பாலும் நடப்பது. இன்று மச்சான் 61க்கு ஏறியிருந்தார். அவரை எட்டிப் பிடிக்க மாமிக்கு இரண்டு பெரிய கை தேவைப்பட்டது. அவர் கடைசிக் கை வரையிலும் ஒன்றையே வைத்துக்கொண்டிருந்தார். என் கணிப்பில் 25 கை ஆட்டத்தில் பதினெட்டாவது கை வரை இப்படிப் பதுங்கலாம். அதற்குப் பிறகும் பின்தங்கியிருப்பவர் பெரிதாக வைத்தே ஆகவேண்டும். அதைக் கடைசிக் கைக்கென்று ஒத்திவைத்தால், ஆகக் கூடிய பந்தயமே தூரத்தை மூடப் போதாமல் போகும்.

மச்சானிடம் நான் பொறாமைப்படும் திறமை ஒன்று உண்டு. நோட்டுக் கட்டின் தடிப்பைப் பார்த்து எத்தனை என்று சொல்லிப் பழகியவர், எதிரில் குவிந்திருக்கும் கொட்டைகளையும் தலையை அசைக்காமல் ஒன்றிரண்டு பிசகில் சொல்லிவிடுகிறார். போட்டி மேசையில் இது பெரிய முதல். பக்கத்தவரின் சில்லு எவ்வளவு என்று தெரியாமல் வைக்கும் பந்தயம் கண்ணை மூடிக்கொண்டு வைப்பதாகும். அதே நேரம், ஒவ்வொரு கையிலும் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தால் நேரமும் போய்விடும், மற்றவர்களும் உஷாராகிவிடுவார்கள். சில போட்டிகளில் கடைசிக் கைக்கு முன் மட்டும் டீலரே எல்லோருடைய சில்லையும் எண்ணி அறிவிப்பார்.

முன்னணியில் இருப்பவருக்கான பாடம் எளிது. பின்னால் இருப்பவர் எவ்வளவு வைக்கிறாரோ அதே அளவை வைத்தால், இருவரும் வென்றாலும் தோற்றாலும் இடைவெளி அப்படியே இருக்கும். பின்னால் இருப்பவர் அதற்கு நேர்மாறாக, முன்னால் இருப்பவர் குறைய வைக்கும்போது கூடவும், கூட வைக்கும்போது குறையவும் வைக்க வேண்டும். இதனால்தான் யார் முதலில் பந்தயம் வைப்பது என்பது போட்டியில் உயிர்நாடியாகிறது. ஒரு அடையாளக் காயை வைத்து, ஒவ்வொரு கைக்கும் அதை அடுத்த ஆளிடம் நகர்த்தி, முதலில் வைக்கும் பாரத்தைச் சுற்றிலும் பகிர்கிறார்கள். நாங்கள் மாமியின் பாக்குவெட்டியை வைத்தோம்.

ஞாயிறு, அக்கரைப்பற்று

கல்லாறுகளைக் கடந்து, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை என்று ஊர் முடியுமுன் அடுத்த ஊர் தொடங்கும் இந்தச் சாலையில் வண்டி ஓட்டுவதற்கு மச்சானைப் போன்ற நிதானம் வேண்டும். அக்கரைப்பற்றில் அவருக்குத் தெரிந்த நெல் வியாபாரி ஒருவரின் வீட்டில் தேநீர். நானும் அவரைக் காக்கா (அண்ணன்) என்றே கூப்பிட்டேன்.

சூது அவருக்கு ஹராம்; கொட்டைப் பையை நாங்கள் வண்டியிலேயே விட்டிருந்தோம். ஆனால் போட்டி நடக்கும் முறையை விசாரித்துக்கொண்டு வந்தவர், வியாபாரிக்கே உரிய இடத்தில் பிடித்தார்: "எல்லாரும் காசு கட்டி வாறீங்க, சில்லுக்குப் பெறுமதி இல்ல என்கிறீங்க. அப்ப கசினோக்காரனுக்கு என்ன லாபம் தம்பி?"

ஒரு உதாரணம் சொன்னேன். 50 பேர் ஆளுக்கு 20,000 ரூபாய் கட்டினால் சேர்வது 10 இலட்சம். பரிசுத் தொகை 9 இலட்சம் என்றால், ஒரு இலட்சத்தைக் கசினோ எடுத்துக்கொள்கிறது. சராசரியாக ஒவ்வொருவரும் 2,000 ரூபாயை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். பரிசுத் தொகை 12 இலட்சம் என்று அறிவித்தால், ஒவ்வொருவரின் இருக்கைக்கும் சராசரியாக 24,000 ரூபாய் பெறுமதி. கட்டியதைவிட 4,000 கூட. இப்படிக் கையிலிருந்து போட்டு நடத்தும் போட்டிகள் உண்மையாகவே இருக்கின்றன. அதைத் தேடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். கசினோ அதை ஏன் செய்கிறது என்றால், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் இரண்டு மணி நேரம் சும்மா இருக்கும் ஆட்டக்காரர், முக்கியமாக முதல் சுற்றிலேயே தோற்றுப் போனவர், பத்தடி தள்ளியிருக்கும் சாதாரண மேசையில் போய் உட்காருவார். போட்டியில் போட்ட இரண்டு இலட்சத்தை அந்த மேசைகள் ஒரே இரவில் திருப்பி எடுத்துவிடும்.

காக்கா தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "அறுவடைக்கு முதல் கடன் குடுக்கிற முதலாளிமார்ர வேலைதான் இதுவும்" என்றார். அந்த ஒப்பீட்டோடு எனக்குப் பிணக்கில்லை. போட்டிக்கு இடையில் சாதாரண மேசையின் பக்கம் போகாமல் அறைக்குப் போய்ப் படுப்பது என் வழக்கம்.

திங்கள், அறுகம்பை

பொத்துவிலைத் தாண்டி அறுகம்பைக்கு வந்து சேர்ந்தோம். அலைச்சறுக்குக்கு வந்திருக்கும் வெளிநாட்டினர் பலகையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், வருகிறார்கள். நாங்கள் கடற்கரை விடுதியின் ஓலைக் கொட்டிலில் உட்கார்ந்து கடைசிக் கையைப் பழகினோம். மருமகளும் பள்ளி விடுமுறையில் எங்களோடு வந்திருந்ததால் டீலர் பிரச்சினை இல்லை.

கடைசிக் கைக்கு வந்தபோது நிலைமை இப்படி: மச்சானிடம் 46 கொட்டை, என்னிடம் 40. பாக்குவெட்டி மச்சான் முன்னால்; அவர்தான் முதலில் வைக்க வேண்டும். முன்னால் நிற்கிறோம், முடித்துக் கட்டிவிடலாம் என்ற எண்ணத்தில் அவர் 20ஐ நகர்த்தினார்.

நான் 13 வைத்தேன். ஏன் 13? அவர் தோற்றால் அவரிடம் 26 மிஞ்சும். நான் 13ஐத் தோற்றாலும் என்னிடம் 27 இருக்கும். 14 வைத்திருந்தால் 26க்கு 26 என்று சமனாகியிருக்கும். ஆக, அவர் தோற்கும் எல்லா நேரத்திலும், என் கை என்னவானாலும், நான் ஒரு கொட்டையால் முன்னே நிற்பேன். சராசரியாக நூறு கையில் 48 கை அளவில் ஆட்டக்காரர் தோற்கிறார், 43 அளவில் வெல்கிறார், மிச்சம் சமன். வெல்லும் 43ஐ நம்பி 20 வைப்பதைவிட, எதிரி தோற்கும் 48ஐ வாங்கிக்கொள்வது எனக்கு நல்லது.

மருமகள் சீட்டுப் போட்டாள். அவளுடைய திறந்த சீட்டு ஒரு ராசா. மச்சானுக்குப் பதினெட்டு, நின்றார். எனக்குப் பத்தும் ஏழும், பதினேழு. நான் இன்னொரு சீட்டுக் கேட்டேன்.

"மாமா, பதினேழுக்கு ஆரும் கேப்பாங்களா?" என்று அவள் கையை நிறுத்தினாள். சாதாரண மேசையில் கேட்டால் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள். இங்கே நிலைமை வேறு. டீலர் மச்சானின் பதினெட்டை வென்றால் நான் உடைந்தாலும் 27க்கு 26 என்று எனக்கு வெற்றி. டீலர் உடைந்தாலோ பதினேழில் நின்றாலோ மச்சான் 66க்குப் போய்விடுவார். நான் வென்றாலும் 53தான், என்ன செய்தும் பயனில்லை. என் கை ஏதாவது பயன்படக்கூடிய ஒரே இடம் டீலரும் பதினெட்டு எடுத்து மச்சானோடு சமனாவது. அப்போது அவரிடம் 46. நான் டீலரின் பதினெட்டை வென்றால் 53. அதற்கு என்னிடம் குறைந்தது பத்தொன்பது இருக்க வேண்டும். ஆகவே பதினேழில் நிற்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. பதினெட்டு வந்திருந்தாலும் கேட்டிருப்பேன்.

எனக்கு எட்டு விழுந்து உடைந்தேன். மருமகள் மூடிய சீட்டைத் திருப்பினாள்: ஒன்பது. பத்தொன்பது. மச்சானும் தோற்றார். 27க்கு 26.

மச்சான் கொஞ்ச நேரம் கொட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நான் எவ்வளவு வெச்சிருக்க வேணும்?" என்று கேட்டார். ஐந்து. முன்னணி இடைவெளி ஆறு. அதைவிட ஒன்று குறைய வைத்தால், தோற்றாலும் அவரிடம் 41 இருக்கும். நான் 40இல் சும்மா உட்கார்ந்திருந்து அவரை முந்த முடியாது. வென்றால் 51, அதைத் தாண்ட நான் குறைந்தது 12 வைத்து, கட்டாயம் என் கையை வெல்ல வேண்டும். எனக்கு 43தான் கிடைக்கும். மிச்சம் 57உம் அவருக்கு. முதலில் வைக்கும் நிலையிலும் முன்னணிக்காரருக்கு இந்த வழி திறந்திருக்கிறது. ஆனால் சின்னதாக வைப்பது முன்னால் நிற்பவருக்குக் கோழைத்தனமாகப் படுகிறது, அதனால்தான் நான் பார்த்த மேசைகளில் பாதிப் பேர் இதைத் தவறவிடுகிறார்கள்.

செவ்வாய், இங்கினியாகலை

சேனாநாயக்க சமுத்திரத்தின் அணைக்கட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். வெயிலுக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. வண்டியில் மருமகள் தொலைக்காட்சிப் போட்டிகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தாள். அமெரிக்காவில் 2004இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் போட்டி தொடங்கியது. எம்ஐடி பல்கலைக்கழக மாணவர் குழுவில் சீட்டு எண்ணி (போன சீட்டுகளை வைத்து மிஞ்சியவற்றைக் கணித்து) ஆடிய மைக் அப்போன்டே அதன் முதல் பருவத்தை வென்றார். சீட்டு எண்ணும் திறமைக்குச் சுற்றுப்போட்டியில் சிறிய இடமே உண்டு, ஏனென்றால் முப்பது கைக்குள் அந்தக் கணக்கு பலன் தர நேரம் போதாது. 2006இல் வந்த இன்னொரு தொடரில் 8ஆவது, 16ஆவது, 25ஆவது கைகளின் முடிவில் ஆகக் குறைந்த சில்லு வைத்திருப்பவர் வெளியேற வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு தடவை பந்தயத்தை எழுதி மறைத்து வைக்கும் உரிமையும் இருந்தது.

மாமியின் ஒற்றைக் கொட்டை முறை அந்த எட்டாவது கையிலேயே அடிபட்டுப் போகலாம். மறைத்து வைக்கும் பந்தயமோ, பின்னால் வைப்பவருக்குள்ள பார்த்து வைக்கும் வசதியை ஒரு கைக்காவது பறித்துவிடும். எனக்கு அந்த விதி பிடிக்கும். மச்சானுக்குப் பிடிக்கவில்லை, குவியலை எண்ணும் அவருடைய திறமைக்கு அங்கே வேலையில்லை என்பதால் இருக்கலாம்.

புதன், மட்டக்களப்பு

இரவு ரயிலில் கொழும்புக்குப் புறப்படுகிறேன். மச்சானையும் வரும்படி கேட்டேன். இலங்கைக் குடிமக்கள் கசினோவுக்குள் நுழைய டொலரில் கணக்கிட்ட தீர்வை ஒன்றைத் தனியாகக் கட்ட வேண்டும். "விளையாடாமல் பார்க்கிறதுக்கும் டொலரா?" என்று அவர் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட்டார்.

போட்டி மேசையில் கேட்டுத் தெளிய வேண்டியவற்றை மத்தியானம் அவரே ஒரு தாளில் எழுதித் தந்தார். ஆகக் கூடிய பந்தயம் எவ்வளவு, தொடக்கச் சில்லில் பாதியா முழுவதுமா, மேசையிலிருந்து ஒருவர் முன்னேறுவாரா இருவரா, கடைசிக் கையில் பந்தய ஒழுங்கைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்களா, சமனானால் என்ன, பாதிப் பந்தயத்தை விட்டுக்கொடுத்துக் கையைக் கைவிடச் சம்மதிப்பார்களா. இருவர் முன்னேறும் மேசையில் முதலாமவரைத் துரத்தத் தேவையில்லை, மூன்றாமவரை மட்டும் பார்த்தால் போதும் என்பதால் இரண்டாவது கேள்வியை மேலே போடச் சொன்னேன்.

நிலையத்தில் காத்திருக்கும்போது கொழும்பிலிருந்து பதில் வந்தது: கையைக் கைவிடலாம். மச்சான் பையைத் திறந்து, வாங்கில் கொட்டைகளைப் பரப்பினார். அறுகம்பையில் நான் வைத்த 13 இந்த விதியின் கீழ் பிழைத்திருக்காது. அவர் 20 வைத்துவிட்டுக் கைவிட்டால் பத்து மட்டுமே போகும், 36 மிஞ்சும். நான் 13ஐத் தோற்றால் 27தான். கைவிட்டாலும் 33 அரை. நான் 6 போலக் குறைவாக வைத்தால் கதை மாறும்: அவர் கைவிட்டதைப் பார்த்துவிட்டு நானும் கைவிடுவேன், மூன்று போக 37.

"அப்ப நான் முதல்லயே அஞ்சுதான் வைப்பன்" என்றார் மச்சான். வண்டி வந்துவிட்டதால், அந்த ஐந்துக்கு நான் எவ்வளவு வைப்பேன் என்பதைப் பெட்டியின் யன்னல் வழியாகத்தான் சொல்ல முடிந்தது: பன்னிரண்டுக்குக் குறையாது.